லாக்-இன் ஆம்ப்ளிஃபயர் இரைச்சலை நீக்குவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மிகச் சிறிய மின்சிக்னல்களை அளக்கும் முறைகள் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நானோவோல்ட் அளவீட்டுக்கு ஒரு நாளிதழ் இவ்வளவு இடம் ஒதுக்கியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் லாக்-இன் ஆம்ப்ளிஃபயர் என்பது சிக்னலை உள்ளே கொடுத்தால் இரைச்சலை முழுவதும் நீக்கிக் கொடுத்துவிடும் கருவி என்று அதில் ஒரு வரி இருந்தது. கூடவே வந்த படத்திலும் ஒரு பெட்டி, உள்ளே போக ஒரு கம்பி, வெளியே வர ஒரு கம்பி, அவ்வளவுதான். ஒளியியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் இந்தக் கருவியோடு வேலை செய்து, புதிதாக வரும் மாணவர்களுக்கு அதைப் பழக்கியவள் என்ற முறையில் அந்த வரியைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. அதே நம்பிக்கையோடுதான் பல மாணவர்கள் கருவியின் முன்னால் வந்து உட்காருகிறார்கள். அந்த நம்பிக்கையால் தவறான எண்கள் ஆய்வேட்டுக்குள் போய்விடுகின்றன.

படத்தில் விடுபட்டது ரெஃபரன்ஸ் கம்பி. நாம் அளக்க நினைப்பதை முதலில் நாமே ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆட்ட வேண்டும். ஒளி என்றால் அதன் வழியில் சாப்பர் சக்கரத்தைச் சுழலவிட்டு, வெட்டி வெட்டி அனுப்புவோம். மின்தடை என்றால் அதன் வழியே சைன் அலை மின்னோட்டத்தைச் செலுத்துவோம். அந்த ஆட்டத்தின் பிரதி ஒன்று ரெஃபரன்ஸாகக் கருவிக்குப் போகிறது. உள்ளே வரும் சிக்னலையும் ரெஃபரன்ஸையும் கருவி பெருக்குகிறது. இரண்டு சைன் அலைகளைப் பெருக்கினால் அவற்றின் அதிர்வெண்களின் கூட்டல், கழித்தல் இரண்டிலும் அலைகள் கிடைக்கும். பள்ளியில் படித்த திரிகோணமிதிதான். இரண்டும் ஒரே அதிர்வெண் என்றால் கழித்தல் பூஜ்யம், அதாவது அசையாத டி.சி. மற்றதெல்லாம் ஆடிக்கொண்டே இருக்கும். பின்னால் உள்ள லோ-பாஸ் ஃபில்டர் ஆடுவதைச் சராசரியில் கரைத்துவிடும், டி.சி. மட்டும் மிஞ்சும்.

பெரிய கூட்டத்தில் ஒருவர் நாம் கொடுத்த தாளத்துக்கு மட்டும் கைதட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தாளத்தை மனதில் போட்டுக்கொண்டு நெடுநேரம் கவனித்தால் அவர் தட்டுவது தனியாகக் கேட்கும். ஆனால் கூட்டத்தில் இன்னொருவரும் அந்தத் தாளத்தைக் கேட்டுத் தட்டத் தொடங்கிவிட்டால்? நம் காதுக்கு இருவரும் ஒன்றுதான். நான் எழுத வந்தது அந்த இரண்டாவது ஆளைப் பற்றி.

அதற்கு முன்னால், இரைச்சல் எவ்வளவு குறைகிறது என்று ஒரு கணக்கு. ஆய்வகங்களில் பரவலாக இருக்கும் எஸ்.ஆர்.830 போன்ற கருவியின் உள்ளீட்டு இரைச்சல், 1 கிலோஹெர்ட்ஸில் ரூட் ஹெர்ட்ஸுக்குச் சுமார் 6 நானோவோல்ட்; கருவி உள்ளே விடும் அதிர்வெண் பட்டை எத்தனை ஹெர்ட்ஸ் அகலமோ, அதன் வர்க்கமூலத்தால் இதைப் பெருக்க வேண்டும். நம் சிக்னல் 50 நானோவோல்ட் என்று கொள்வோம். 10 கிலோஹெர்ட்ஸ் பட்டை அகலமுள்ள சாதாரண ஆம்ப்ளிஃபயரில் இரைச்சல் 600 நானோவோல்ட் வரும். சிக்னல் கண்ணிலேயே படாது. லாக்-இன்னில் டைம் கான்ஸ்டன்ட் (ஃபில்டர் சராசரி எடுக்கும் நேர அளவு) 1 விநாடி, ஃபில்டர் சரிவு (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஃபில்டர் எவ்வளவு குறைக்கும் என்பது) 12 டெசிபல் என்று வைத்தால் இரைச்சல் நுழையும் பட்டை ஹெர்ட்ஸில் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கி, இரைச்சல் சுமார் 2 நானோவோல்ட்டுக்கு இறங்கும். 50-க்கு 2 என்பது நல்ல அளவீடு. ஆனால் அந்த 2 போகவில்லை. அது பாதியாக வேண்டுமென்றால் டைம் கான்ஸ்டன்டை நான்கு மடங்காக்க வேண்டும், அதற்கேற்பக் காத்திருக்கவும் வேண்டும். கருவி செய்வது ஜன்னலைக் குறுக்குவதுதான். குறுகிய ஜன்னல் வழியாக, அந்த அதிர்வெண்ணில் எது வந்தாலும் உள்ளே வரும்.

இது புதுத் தொழில்நுட்பம் என்றும் கட்டுரை சொல்கிறது. மைக்கேல்ஸ், கர்ட்டிஸ் இருவரும் வெற்றிடக் குழாய் வைத்துச் செய்த லாக்-இன் ஆம்ப்ளிஃபயர் பற்றி 1941-லேயே எழுதிவிட்டார்கள். 1946-ல் ராபர்ட் டிக்கி இதே கருத்தை நுண்ணலை ரேடியோமீட்டரில் பயன்படுத்தினார். பின்னாளில் இந்தக் கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்த பிரின்ஸ்டன் அப்ளைடு ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். இன்று பெருக்கலை டிஜிட்டல் சிப் செய்கிறது. கருத்து அதேதான்.

சரி, கருவியை எப்படி அமைப்பது? என்னிடம் பழகியவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பவர் போட்டதும் எல்லா அமைப்பையும் தொடக்க நிலைக்குத் திருப்பு என்பதுதான். முன்னால் பயன்படுத்தியவர் ஹார்மோனிக்கை 2-ல், அதாவது ரெஃபரன்ஸின் இரட்டை அதிர்வெண்ணை அளக்கும் நிலையில், விட்டுப் போயிருக்கலாம், ஆஃப்செட் (எண்ணோடு கூட்டிக் கழிக்கும் ஒரு நிலையான அளவு) போட்டிருக்கலாம். திரையில் அது பளிச்சென்று தெரியாது. அடுத்தது, சிக்னலை நேரே லாக்-இன்னில் சொருகாமல் முதலில் ஆசிலோஸ்கோப்பில் பார்ப்பது. மின்வழிச் சலசலப்பு (சுவர் மின்சாரத்திலிருந்து வருவது) எவ்வளவு, ஒளியைச் சிக்னலாக்கும் டிடெக்டர் தன் உச்சவரம்பை எட்டிச் செறிவடைந்துவிட்டதா, சாப்பரின் ரெஃபரன்ஸ் துடிப்பு சுத்தமாக இருக்கிறதா என்பதெல்லாம் அங்கே ஒரே பார்வையில் தெரியும். டிடெக்டர் செறிவடைந்திருந்தால் லாக்-இன் அதைக் காட்டிக்கொடுக்காது; அமைதியாக ஒரு தவறான எண்ணைக் காட்டும்.

அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. தாழ்ந்த அதிர்வெண்ணில் எல்லா எலக்ட்ரானிக் பாகங்களின் இரைச்சலும் ஏறும். மின்வழி 50 ஹெர்ட்ஸானாலும் 60 ஆனாலும் அதன் மடங்குகளுக்குப் பக்கத்தில் போகக்கூடாது. 217 ஹெர்ட்ஸ் எனக்குப் பிடித்த இடம்: 200, 250, 180, 240 எல்லாவற்றிலிருந்தும் விலகியிருக்கிறது. 200-ல் வரும் சலசலப்பு பெருக்கலுக்குப் பிறகு 17 ஹெர்ட்ஸ் ஆட்டமாக மாறும். 1 விநாடி டைம் கான்ஸ்டன்டும் 12 டெசிபல் சரிவும் அதை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே அழுத்திவிடும். அப்படியானால் இன்னும் மேலே, பல கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். மாதிரியின் மின்தடையைப் பாருங்கள் என்பேன். 1 மெகாஓம் மாதிரியிலிருந்து ஒரு மீட்டர் கோஆக்சியல் கேபிள் போட்டால் கேபிளின் மின்தேக்கம் சுமார் 100 பிகோஃபாரட். 1.6 கிலோஹெர்ட்ஸிலேயே சிக்னல் 0.7 மடங்காகக் குறைந்து, ஃபேஸ் (ரெஃபரன்ஸோடு ஒப்பிட்டால் அலை எவ்வளவு முந்தியோ பிந்தியோ வருகிறது என்பது) 45 டிகிரி விலகிவிடும். கருவியின் உள்ளீட்டு மின்தடை 10 மெகாஓம்தான் என்பதால் அதுவும் தன் பங்குக்கு ஒன்பது சதவீதத்தைத் தின்னும். கேபிளைக் குறைத்து, ப்ரீஆம்ப்பை (சிக்னலை முன்கூட்டியே பெருக்கும் சிறு ஆம்ப்ளிஃபயர்) மாதிரிக்குப் பக்கத்திலேயே வைப்பதுதான் வழி.

சென்சிடிவிட்டியும் (கருவி காட்டும் முழு அளவு எத்தனை வோல்ட் என்பது) டைனமிக் ரிசர்வும் (எவ்வளவு குறுக்கீட்டைத் தாங்கும் என்பது) அவ்வளவு சிக்கலில்லை. ஓவர்லோடு விளக்கு எரியாத அளவுக்குச் சென்சிடிவிட்டியை ஏற்றி, ரிசர்வை முடிந்தவரை குறைவாக வைக்க வேண்டும். 60 டெசிபல் ரிசர்வ் என்றால் முழு அளவைப் போல ஆயிரம் மடங்கு பெரிய குறுக்கீட்டைக் கருவி தாங்கும் என்று பொருள். தேவையில்லாமல் அதைக் கூட்டி வைத்தால் அளவீடு கெடும்.

ஃபேஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கருவி எக்ஸ், ஒய் என்று இரண்டு எண்களைத் தருகிறது. ரெஃபரன்ஸோடு ஒத்துப்போகும் பகுதி எக்ஸ். அதற்கு 90 டிகிரி விலகிய பகுதி ஒய். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஆர். ஃபேஸைச் சரிசெய்யும்போது எக்ஸ் உச்சத்துக்குப் போகும்வரை குமிழைத் திருப்புவது பலரின் வழக்கம். அதைவிட, ஒய்யைப் பூஜ்யமாக்குவதே சரி. ஃபேஸ் 5 டிகிரி பிசகினால் எக்ஸ் 0.4 சதவீதம்தான் குறையும், கண்ணுக்குத் தெரியாது. அதே பிசகில் ஒய், ஆரின் அளவில் கிட்டத்தட்ட 9 சதவீதமாக எகிறும். உச்சியைத் தேடுவதைவிடப் பூஜ்யத்தைத் தேடுவது எப்போதும் கூர்மையானது. இதை வலுவான சிக்னலில் செய்ய வேண்டும். சிக்னலே இல்லாத இடத்தில் ஆட்டோ ஃபேஸ் பொத்தானை அழுத்தினால் கருவி இரைச்சலுக்கு ஒரு ஃபேஸைக் கண்டுபிடித்துத் தரும். அதற்குப் பிறகு எடுக்கும் எக்ஸுக்கும் ஒய்க்கும் பொருளே கிடையாது.

இவ்வளவு தலைவலி எதற்கு, ஆர் மட்டும் பார்த்தால் ஃபேஸே தேவையில்லையே என்பார்கள். வசதிதான், ஆனால் அங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது. ஆர் ஒருபோதும் எதிர்மறையாகாது. உள்ளீட்டை ஷார்ட் செய்து சிக்னலே இல்லாமல் வைத்துப் பாருங்கள்: எக்ஸ் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஆடும், சராசரி பூஜ்யத்துக்குப் போகும். ஆரின் சராசரியோ, எக்ஸின் ஆட்டத்தைப் போல 1.25 மடங்கில் போய் நிற்கும். எவ்வளவு நேரம் சராசரி எடுத்தாலும் அது இறங்காது. சின்ன சிக்னலை ஆரில் அளப்பவர் இல்லாத ஒன்றை அளந்து எழுதும் வாய்ப்பு அதிகம். சிக்னல் நடுவில் திசை மாறினாலும் ஆர் அதை மறைத்துவிடும். ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் ஒளிமின்னழுத்தம் நேர்க்குறியிலிருந்து எதிர்க்குறிக்குப் போகிறது என்றால், எக்ஸ் பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போகும். ஆரோ ஒரு பள்ளத்தைக் காட்டிவிட்டு மறுபடி மேலே ஏறும். அந்தப் பள்ளத்துக்கு ஆய்வேட்டில் இயற்பியல் விளக்கம் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த இரண்டாவது ஆள். ஒரு மாணவி மெல்லிய படலம் ஒன்றின் ஒளிமின்னழுத்தத்தை அளந்துகொண்டிருந்தார். ஆரில் 3 மைக்ரோவோல்ட் ஆடாமல் அசையாமல் நின்றது. இரைச்சல் துளியும் இல்லை, அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. சாப்பர் ஓடிக்கொண்டே இருக்கட்டும், ஒளிக்கற்றையை மட்டும் கறுப்பு அட்டையால் மறையுங்கள் என்றேன். ஆர் 2.8-க்கு இறங்கி அங்கேயே நின்றது. ஒளியே இல்லை, சிக்னல் இருக்கிறது! மேசைக்குப் பின்னால் பார்த்தால் சாப்பரின் ரெஃபரன்ஸ் கேபிளும் சிக்னல் கேபிளும் அழகாக ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தன. ஒன்றில் 5 வோல்ட் சதுர அலை, பக்கத்திலேயே மைக்ரோவோல்ட். ரெஃபரன்ஸே சிக்னலுக்குள் கசிந்துகொண்டிருந்தது. அதே அதிர்வெண், மாறாத ஃபேஸ். உலகத்தில் எந்த லாக்-இன்னும் அதைத் தள்ளிவிடாது. டைம் கான்ஸ்டன்டைக் கூட்டினால் அந்தப் பொய் இன்னும் சுத்தமாகத் தெரியும், அவ்வளவுதான்.

சரி, 3-லிருந்து 2.8-ஐக் கழித்தால் 0.2 மைக்ரோவோல்ட்தானே உண்மையான சிக்னல் என்று அவர் கேட்டார். இந்தக் கேள்வியை எல்லா மாணவர்களும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் பதில் 0.2 இல்லை. இவை திசையுள்ள எண்கள். அட்டை போட்டிருந்தபோது எக்ஸ் 2.0, ஒய் 2.0. அட்டையை எடுத்தபோது எக்ஸ் 2.9, ஒய் 0.8. எக்ஸிலிருந்து எக்ஸையும் ஒய்யிலிருந்து ஒய்யையும் கழித்தால் எக்ஸில் 0.9, ஒய்யில் மைனஸ் 1.2. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். உண்மையான சிக்னல் 1.5 மைக்ரோவோல்ட், ஆரைக் கழித்துக் கிடைத்ததைப் போல ஏழு மடங்குக்கும் மேல். ஆரை மட்டும் குறித்து வைத்திருந்தால் இந்தக் கணக்கைப் பிறகு யாராலும் போட முடியாது. கேபிள்களைப் பிரித்து வேறு வேறு வழியாகக் கொண்டுபோய், ஒரே இடத்தில் மட்டும் கிரவுண்ட் செய்தபின் அட்டை போட்ட அளவு இரைச்சலுக்குள் அமுங்கிப் போனது.

அட்டையை எங்கே வைக்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. சாப்பருக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை வைத்துப் பாருங்கள். முன்னால் வைக்கும்போது சிக்னல் மிஞ்சி, பின்னால் வைக்கும்போது மறைந்தால், சாப்பர் அறை விளக்கையும் சேர்த்து வெட்டி டிடெக்டருக்கு அனுப்புகிறது என்று பொருள். இரண்டிலும் மிஞ்சினால் கசிவு ஒளி வழியாக இல்லை, மின் இணைப்புகள் வழியாக. அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கும்போது மிஞ்சியதும் இரட்டிப்பானால், அது பெரும்பாலும் கேபிளுக்குக் கேபிள் மின்தேக்க வழியாகத் தாவுவது. அப்புறம் சாப்பரின் அதிர்வு மேசை வழியாக மாதிரிக்குப் போய், கேபிளை உலுக்கி மின்னழுத்தம் உண்டாக்குவதும் நடக்கும். சாப்பரைத் தனி ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நிறமாலை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டைம் கான்ஸ்டன்ட் 1 விநாடி, சரிவு 24 டெசிபல் என்றால் எண் இறுதி மதிப்பில் 99 சதவீதத்தை எட்ட 10 விநாடி ஆகும். 6 டெசிபல் சரிவில் சுமார் 5 விநாடி. அதற்கு முன்னால் அடுத்த அலைநீளத்துக்குப் போய்விட்டால் உச்சிகள் குட்டையாகி, ஸ்கேன் போகும் பக்கமாகத் தள்ளிப்போகும். சந்தேகம் வந்தால் ஒரு முறை எதிர்த்திசையில் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டிலும் உச்சி ஒரே இடத்தில் விழவில்லையென்றால் முதலில் வேகத்தையும் டைம் கான்ஸ்டன்டையும்தான் சந்தேகப்பட வேண்டும்.

திரையில் தெரியும் எண்ணுக்கு என்ன பொருள் என்பதையும் பலர் கேட்பதில்லை. அது ரெஃபரன்ஸ் அதிர்வெண்ணில் உள்ள சைன் அலையின், அதாவது அடிப்படை அலையின், ஆர்.எம்.எஸ். மதிப்பு (உச்சத்தில் சுமார் 0.71 மடங்கு). சாப்பர் வெட்டிய ஒளி பூஜ்யத்துக்கும் 1 வோல்ட்டுக்கும் இடையே சதுர அலையாக ஆடினால் லாக்-இன் 0.45 வோல்ட் காட்டும். இந்த 0.45-ஐ மறந்துவிட்டு டிடெக்டரின் திறனைக் கணக்கிட்டால் பாதிக்கும் குறைவாக வரும். மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் என்றால் பரவாயில்லை. முழு மதிப்பு வேண்டுமென்றால் பரவாயில்லை என்று விட முடியாது.

ஆசிரியர் அவர்களே, இதையெல்லாம் எழுதுவது உங்கள் கட்டுரையாளரைக் குறை சொல்ல இல்லை. ஆய்வகங்களில் ஆட்டோ கெயின், ஆட்டோ ஃபேஸ், ஆர் எண்ணைக் குறித்துக்கொள் என்று மூன்றே வரியில் கருவியைக் கற்றுக்கொடுத்துவிடும் வழக்கம் பெருகிவிட்டது. கற்பிப்பவர்களிடம் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். மாணவர்களின் ஆய்வகக் குறிப்பேட்டில் ஒவ்வோர் அளவீட்டுக்கும் எக்ஸ், ஒய் இரண்டும், சிக்னலைத் திறந்தும் மறைத்தும், எழுதப்பட வேண்டும். ஆர் வேண்டுமானால் பிறகு கணக்கிட்டுக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வில் சிக்னலைக் கண்டுபிடித்ததற்குத் தரும் மதிப்பெண்ணுக்குச் சமமாக, சிக்னலை மறைத்துப் பார்க்கும் பூஜ்யச் சோதனைக்கும் மதிப்பெண் தர வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒளி, சாப்பர் எதுவும் வேண்டாம். கருவியின் சைன் வெளியீட்டை 1 வோல்ட்டில் வைத்து, 100 கிலோஓம் மின்தடை வழியாக 1 ஓம் மின்தடைக்கு அனுப்புங்கள். 10 மைக்ரோஆம்பியர் ஓடும். 1 ஓமின் இரு முனைகளிலிருந்தும் ஏ, பி உள்ளீடுகளுக்குத் தனித்தனிக் கேபிள் கொடுத்து, கருவியை ஏ கழித்தல் பி நிலையில் வையுங்கள். 217 ஹெர்ட்ஸில் எக்ஸ் 10 மைக்ரோவோல்ட்டுக்குப் பக்கத்திலும் ஒய் பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். வெளியீட்டைப் பாதியாக்கினால் எக்ஸ் 5 ஆக வேண்டும். இனி அதிர்வெண்ணைப் படிப்படியாக 100 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்றி ஒய் எப்படி வளர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக 1 ஓமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குட்டையான ஒரு கம்பியைப் போட்டு, அதே அதிர்வெண்களில் மறுபடி அளந்து, எக்ஸ், ஒய் தனித்தனியாகக் கழியுங்கள். கருவியும் இரண்டு மின்தடைகளும் ஒரு துண்டுக் கம்பியும் மூன்று கேபிளும் இருந்தால் ஒரே பிற்பகலில் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒளியியல் ஆய்வகப் பொறுப்பாளர்